ஷ்ரிங்க் பிளாஸ்டிக்கில் கேரக்டர் சார்ம்: குடை பிடித்த நண்டு ஒன்றைச் செய்து முடிப்பது வரை

சூடு பட்டால் சுருங்கும் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் ஷீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வரைந்த நண்டு ஒன்று, சூட்டில் இரண்டு நிமிடம் இருந்தால் போதும். பள்ளிக்கூடப் பையின் ஜிப்பில் தொங்கவிடும் அளவுக்குச் சுருங்கி, தடித்து, கெட்டியாகிவிடும். கன்னியாகுமரி கடற்கரையில் சிப்பி கீ செயின் வாங்கிப் பழகியவர்களுக்கு, சொந்தமாக வரைந்த உருவத்தை அப்படிச் சார்மாக, அதாவது குட்டித் தொங்கலாக, மாட்டுவது தனிச் சந்தோஷம். ஆனால் முதல் தடவை செய்கிறவர்களில் பலருக்குக் கிடைப்பது நிறம் கறுத்து, கோணலாகி, ஓட்டை அடைந்துபோன துண்டுதான். பழி ஓவன் மேல் விழும். உண்மையில் தவறு பெரும்பாலும் வரையும்போதே நடந்திருக்கும். அளவு, கோட்டின் தடிமன், நிறத்தின் அடர்த்தி, ஓட்டை இருக்கும் இடம் எல்லாம் சூடு படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அடுப்பைத் தொடுவதற்கு முந்தைய வேலைதான்.

ஷீட் சுருங்குவது எப்படி

ஷ்ரிங்க் ஷீட் என்பது பாலிஸ்டைரின். தொழிற்சாலையில் அதைச் சூடாக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே ஆறவிடுகிறார்கள். சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பிளாஸ்டிக் இளகி, இழுப்பதற்கு முன் இருந்த அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அமெரிக்காவில் 1973-ல் இது குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது; அன்று முதல் அடிப்படை மாறவில்லை.

பக்க அளவுகள் பாதிக்கும் கீழே போகும். பிளாஸ்டிக்கின் மொத்தம் குறையாது என்பதால், பரப்பில் குறைந்ததெல்லாம் தடிமனில் சேரும். நீளம் 42 சதவீதமாகவும் அகலம் 45 சதவீதமாகவும் சுருங்கும் ஒரு ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 19 சதவீதத்துக்கு வந்துவிடும். 0.3 மி.மீ. ஷீட் ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிக்கும். நீங்கள் பூசிய நிறமும் அதே ஐந்து மடங்கு நெருங்கி அடர்ந்துவிடும். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால், பின்னால் வரும் அறிவுரைகளில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

இரண்டு திசையிலும் சுருக்கம் ஒன்றாக இருக்காது. வட்டமாக வரைந்தது லேசான முட்டை வடிவம் ஆவது அதனால்தான். எனவே புதிதாக ஒரு பாக்கெட் பிரித்தால் முதல் வேலை சோதனைத் துண்டு. 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, ஷீட்டின் நீளவாக்கில் ஓர் அம்புக்குறி போட்டு, சுட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, வந்த எண்ணைப் பாக்கெட் மேலேயே எழுதிவையுங்கள். அம்புக்குறி வாக்கில் 4.2 செ.மீ., குறுக்கே 4.5 செ.மீ. என்று வந்தால் 0.42, 0.45 என்பவைதான் அந்தப் பாக்கெட்டின் எண்கள். காது ஜிமிக்கி மாதிரி ஜோடியாகச் செய்வதென்றால் இரண்டையும் ஒரே திசையில் வரைய வேண்டும். ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் போட்டால் ஜோடி சேராது.

என்ன வாங்குவது

முதல் தடவைக்கு ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்பும் உள்ள, ஒளி ஊடுருவும் ஏ4 ஷீட் நல்லது. இது ஆன்லைனில்தான் எளிதாகக் கிடைக்கிறது. வளையம், கொக்கி, கலர் பென்சில் போன்றவை நாகர்கோவில், மார்த்தாண்டம் ஃபேன்ஸி கடைகளிலேயே கிடைக்கும். இரண்டு பக்கமும் வழவழப்பான ஷீட்தான் கையில் இருக்கிறதென்றால், 400 நம்பர் உப்புத்தாளால் ஒரு பக்கத்தை வட்ட வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். ஒரே வாக்கில் இழுத்துத் தேய்த்தால் சுருங்கியபின் கீறல்கள் வரிவரியாகத் தெரியும். தேய்த்த தூளை ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

கேக் பெட்டியின் மூடி உதவுமா என்று பலர் கேட்பார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பாலிஸ்டைரின். தட்டையான பகுதியை வெட்டிச் சோதிக்கலாம். நம் ஊர் பேக்கரி மூடிகளில் பெரும்பாலும் 1 தான் இருக்கும். அது வெளுத்துச் சுருண்டு வீணாகும். தெர்மாகோலும் 6 வகைதான் என்றாலும் நுரையாக ஊதியது என்பதால் இதற்கு ஆகாது.

வரைய 0.8 மி.மீ. நிரந்தர மை பேனா, நல்ல கலர் பென்சில்கள். கிரேயான்ஸ், ஆயில் பேஸ்டல் இரண்டும் சூட்டில் உருகி வழியும். சாதாரண ஸ்கெட்ச் பேனா மை வழவழப்பான பக்கத்தில் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடையில் இந்த ஷீட்டைக் கொடுத்து பிரிண்ட் கேட்காதீர்கள். லேசர் இயந்திரம் மையைச் சூட்டால்தான் தாளில் பதிக்கிறது. ஷீட் உள்ளேயே சுருங்கி ஒட்டிக்கொண்டால் அந்த இயந்திரம் வேலைக்கு ஆகாது. பிரிண்ட்தான் வேண்டும் என்றால், இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் தனி ஷீட்டை வாங்கி, படத்தின் நிறத்தைப் பாதியாகக் குறைத்து எடுங்கள்.

உருவத்தை வடிவமைப்பது

தொங்கும் பொருளுக்கு நல்ல உருவம் என்பது உடையாத உருவம். குடை பிடித்த நண்டையே பார்ப்போம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பார்க்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான கேரக்டர் கிடைப்பது கஷ்டம்.

நண்டு என்றதும் கொடுக்கை இரண்டு பக்கமும் விரித்து, எட்டுக் கால்களையும் தனித்தனியாக நீட்டி வரையத்தான் கை போகும். அப்படி வெட்டினால் கால்கள் சூட்டில் முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். தப்பியவை பையில் உரசி ஒடியும். ஆகவே கால்களை உடம்போடு சேர்ந்த குட்டைக் குமிழ்களாக்குங்கள். கொடுக்குகள் இரண்டையும் மேலே தூக்கி, குடைக் காம்பைப் பிடிக்க வையுங்கள். இப்போது உடம்பு, கொடுக்கு, காம்பு, குடை எல்லாம் ஒரே துண்டு. காம்புக்கும் கொடுக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெட்டி எடுக்க வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுவிடுங்கள். பார்வைக்கு உறுத்தாது, வலுவும் கூடும். எந்தப் பகுதியானாலும் வெட்டும்போது 6 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

முடிந்தபின் 4 செ.மீ. உயரம், 3.5 செ.மீ. அகலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை அம்புக்குறி வாக்கில் வைத்தால் 4-ஐ 0.42-ஆல் வகுத்து 9.5 செ.மீ.; அகலம் 3.5-ஐ 0.45-ஆல் வகுத்து 7.8 செ.மீ. ஏ4 ஷீட்டில் இந்த அளவில் ஆறு நண்டுகள் அடங்கும்.

கோடு 0.8 மி.மீ. என்றால் கடைசியில் நிற்பது 0.35 மி.மீ. மெல்லிய பேனாவில் வரைந்த கண்ணிமை, மீசை எல்லாம் தூசி போல ஆகிவிடும். கண்ணின் வெள்ளைப் பொட்டு குறைந்தது 2 மி.மீ. இருக்கட்டும். பெயர் எழுதுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகள்தான் முதலில் அடைபடும்: ண, ன, ழ, இ எல்லாம் சுருங்கியதும் கறுப்புப் பொட்டாகிவிடும். எழுத்து 12 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். சுழிக்குள் வெளிச்சம் தெரியும்படி அகலமாக எழுதுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தைத் தொடாமல் நன்றாகத் தள்ளி வையுங்கள்.

சினிமாவிலோ கார்ட்டூனிலோ வரும் உருவத்தைச் சொந்தப் பைக்கு வரைந்துகொள்வது ஒன்று, அதையே செய்து விற்பது வேறு. விற்கும் எண்ணம் இருந்தால் சொந்தக் கேரக்டரோடு தொடங்குங்கள். நண்டு அலுத்துவிட்டால் சாளை மீன், கணவாய், நேந்திரங்குலை, தோவாளை மல்லிகைப் பந்து என்று நம்மைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன.

பின்பக்கமாக வரைதல்

கண்ணாடி ஓவியம் செய்கிறவர்கள் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்கள். பார்ப்பவர் முன்பக்கத்தில் இருந்து பார்ப்பார். சார்முக்கும் இதுவே சிறந்த முறை. கோடும் நிறமும் சொரசொரப்பான பக்கத்தில் இருக்க, வழவழப்பான பக்கம் முகப்பாகிவிடும். நிறத்துக்கு மேல் பிளாஸ்டிக்கே காவல். ரெசின் ஊற்றிப் பளபளப்பாக்கும் வேலையும் மிச்சம்.

1. தாளில் வரைந்த நண்டைத் திருப்பி, சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். பின்புறம் வழியாக உருவம் இடவலம் மாறித் தெரியும்.
2. அதன் மேல் ஷீட்டைச் சொரசொரப்பான பக்கம் உங்களைப் பார்க்க வைத்து, கோடுகளை 0.8 பேனாவால் எடுங்கள். 10 நிமிடம் காயட்டும். எழுத்து இருந்தால் அதுவும் இடவலம் மாறித் தெரிகிறதா என்று சரிபாருங்கள்.
3. கோடுகளின் மேலேயே கலர் பென்சிலால் நிறம் கொடுங்கள். கோட்டைத் தாண்டி லேசாகப் போனாலும் முகப்பில் கோடுதான் முன்னால் நிற்கும். கண்ணின் வெள்ளை, பளபளக்கும் பொட்டு இரண்டையும் வெறுமையாக விடுங்கள்.

நிறம் போடும்போது கண்ணை நம்பாதீர்கள். ஐந்து மடங்கு அடர்வதால் இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகும், நடுத்தர நீலம் மைநீலத்தில் போய் நிற்கும், மஞ்சள் பழுத்துப்போகும். பென்சில் படுகிறதா இல்லையா என்ற அளவுக்கு இலேசாகப் போட்ட நிறம்தான் சுட்டபின் சரியாக வரும். வெட்டி எஞ்சிய துண்டு ஒன்றில் உங்களிடம் உள்ள ஒவ்வொரு பென்சிலையும் அழுத்தியும் இலேசாகவும் கீறிச் சுட்டு வைத்துக்கொண்டால், அதுவே உங்கள் நிற அட்டவணை.

ஓட்டை, வெட்டு

ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் 6 மி.மீ. ஓட்டை சுமார் 2.6 மி.மீ. ஆகும், 1 மி.மீ. கம்பியில் செய்த வளையம் தாராளமாக நுழையும். ஓட்டையை முதலில் போட்டுவிட்டு, பிறகு அதைச் சுற்றி வெட்டுங்கள். ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே 5 மி.மீ. பிளாஸ்டிக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம்தான் முதலில் விடும்.

ஓட்டை எங்கே என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். வெட்டுவதற்கு முன்பே தாள் நகல் ஒன்றை வெட்டி, உத்தேசித்த இடத்தில் ஊசியால் குத்தித் தொங்கவிட்டுப் பாருங்கள். நண்டின் ஒரு கொடுக்கு பெரிதாக இருந்தால் குடை ஒரு பக்கம் சாயும். ஊசியைச் சாய்கிற பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் நேராகும். அந்த இடத்தை ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது உருவத்தைச் சுற்றி 3 மி.மீ. ஓரம் விடுங்கள். கத்தரிக்கோலை அசைக்காமல் ஷீட்டைத் திருப்பித் திருப்பி வெட்டினால் வளைவு பிசிறில்லாமல் வரும். உள்நோக்கி வரும் மூலைகளைக் கூராக விட்டால் அங்கிருந்து விரிசல் தொடங்கும். வெளிமூலை கூராக இருந்தால் சுருங்கியபின் முள் போலக் குத்தும். இரண்டையும் உருட்டிவிடுங்கள். தடித்துக் கெட்டியானபின் கத்தரிக்கோல் நுழையாது, உப்புத்தாள்தான் கதி.

சூடாக்குதல்

ஓவன் இருந்தால் 160 டிகிரி வைத்து 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். உள்ளே காற்றாடி இருந்தால் நிறுத்துங்கள். சின்னத் துண்டுகள் பறந்துவிடும். சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாத தட்டில் பேக்கிங் பேப்பர் விரியுங்கள். கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் மெழுகு பூசியதையும் தருவார்கள். அது புகைந்து ஒட்டும். தாளில் மடிப்பு இருக்கக் கூடாது, வழவழப்பான முகப்பில் அது அப்படியே பதியும். தாளின் மேல் டால்கம் பவுடரை மெல்லத் தூவித் துடைத்துவிட்டு, நண்டை நிறப் பக்கம் மேலே பார்க்க வையுங்கள்.

அடுத்து நடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் 20 விநாடி ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு ஓரம் எழும்பும். குடை உள்நோக்கி மடங்கி, முழு உருவமும் காய்ந்த இலை போலச் சுருண்டு நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பயந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவார்கள். திறக்காதீர்கள். சற்று நேரத்தில் அதுவே தன் சுருளை அவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் படிந்து, தட்டையாகிவிடும். தட்டையானபின் இன்னும் 20 விநாடி விட்டு எடுங்கள். மொத்தம் ஒன்றரை முதல் மூன்று நிமிடம்.

எடுத்ததும் கையில் இருப்பது ஐந்து முதல் பத்து விநாடிதான். மேலே இன்னொரு பேக்கிங் பேப்பர் போட்டு, முன்பே தயாராக வைத்திருந்த தட்டையான டைல்ஸ் துண்டாலோ கனமான புத்தகத்தாலோ நேராக அழுத்துங்கள். இழுத்தால் கோடு நகரும். ஆறியபின்னும் வளைவு இருந்தால் 30 விநாடி மறுபடி சூடாக்கி அழுத்தலாம்.

ஓவன் இல்லாத வீட்டில், கேக் சுடுவது போல அடிகனமான இரும்புச் சட்டியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு உப்பு பரப்பி, அதன் மேல் ஸ்டாண்டு, தட்டு, பேக்கிங் பேப்பர். கண்ணாடி மூடியால் மூடி, மிதமான தீயில் 12 நிமிடம் காயவிட்டு, துண்டை வையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், ஈரம் இருக்கும். வெப்பநிலை எவ்வளவு என்று தெரியாததால் முதலில் வெறும் துண்டு ஒன்றைச் சுட்டுப் பார்த்துத் தீயைச் சரிசெய்யுங்கள். மூன்று நிமிடமாகியும் முழுதாகச் சுருங்கவில்லை என்றால் தீயைக் கூட்டுங்கள்.

சூடான காற்றை வீசும் ஹீட் கன் என்றால், துண்டை டைல்ஸ் மேல் வைத்து, 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வட்டமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பறக்காமல் இருக்க ஈர்க்குச்சியால் நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் அந்தப் பக்கம் மட்டும் முந்திச் சுருங்கி உருவம் கோணிக்கொள்ளும். ஹேர் டிரையரின் சூடு இதற்குப் போதாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்; சூடான பாலிஸ்டைரினின் வாடை நல்லதல்ல. சீலிங் ஃபேனை மட்டும் அணைத்துவிடுங்கள். குழந்தைகள் வரையட்டும், வெட்டட்டும். சூட்டு வேலை பெரியவர்களுக்கு.

கோளாறுகளும் காரணங்களும்

சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால், இடுக்கியால் எடுத்து, இளகிய நிலையிலேயே மெல்லப் பிரித்து மறுபடி உள்ளே வையுங்கள். குளிர்ந்தபின் பிரித்தால் ஒடியும். நீளமான உருவங்களுக்கு ஆரம்பத்திலேயே மேலே ஒரு பேக்கிங் பேப்பரைப் பாரமில்லாமல் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அலை அலையாக நின்றுவிட்டால் சூடு போதவில்லை. ஓவன் முள் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரம் ஒத்துப்போகாது. குமிழி விட்டாலும், ஓரம் மஞ்சளானாலும், சூடு மிஞ்சிவிட்டது. கரண்ட் நடுவில் போனால் துண்டை வெளியே எடுக்க வேண்டாம். கரண்ட் வந்ததும் மறுபடி சூடேறும்போது மீதிச் சுருக்கம் நடக்கும். ஓட்டை போட மறந்துவிட்டால் 1.5 மி.மீ. பிட் பொருத்திய கைத் துரப்பணத்தால் மெதுவாகத் துளையிடலாம். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைப் பூச்சு, வார்னிஷ், வளையம்

நன்றாக ஆறியபின் நிறப் பக்கத்தின் மேல் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு காய்ந்ததும் திருப்பிப் பாருங்கள்: அதுவரை மங்கலாக, பின்னால் இருப்பதெல்லாம் தெரிய நின்ற நண்டு சட்டென்று எழுந்து நிற்கும். கண்கள் வெள்ளையாகும், குடையின் சிவப்பு தெளியும். அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு போதும்.

நெயில் பாலிஷை வார்னிஷாகப் பூச வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பேனா மையையும் கலைக்கும், பாலிஸ்டைரினையும் அரிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் இந்த பிளாஸ்டிக்கைக் கரைத்தேவிடும். சூப்பர் க்ளூ சுற்றிலும் வெண்படலம் விடும்.

மழைக்காலத்தில் அவசரப்படாதீர்கள். வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் காயும் வார்னிஷுக்கு ஆனி, ஐப்பசி மழையில் நான்கைந்து மணி நேரம் கொடுக்க வேண்டும். ஈரம் போகுமுன் அடுத்த பூச்சு போட்டால் பால் போல வெளுத்துவிடும். ஸ்ப்ரே வார்னிஷும் ஈரக்காற்றில் வெளுக்கும்.

வளையம் 7 மி.மீ. அகலத்தில், 1 மி.மீ. கம்பியில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் வீசும் உப்புக் காற்றுக்கு, முலாம் பூசிய மலிவு இரும்பு வளையம் தாங்காது. துருப்பிடித்து, வெள்ளைப் பூச்சிலும் கறை இறக்கும். வளையத்தைத் திறக்க இரண்டு பிளையரால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்புங்கள். பக்கவாட்டில் இழுத்து விரித்தால் வட்டம் கெட்டுப்போய் மறுபடி சேராது. மூடியபின் வாய்ப்பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் சிக்கினால் நூலும் சிக்கும்.

வெட்டி எஞ்சிய துண்டுகளைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள், கரும்புகை வரும். ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் அடுத்த நிறச் சோதனைக்கு ஆகும். கொஞ்சம் பெரிய துண்டுகளில் ஓட்டை போட்டுச் சுட்டால், நண்டுக்கு மேலே கோக்கக் குட்டி மழைத்துளிகள் கிடைக்கும்.